எண் இல்லாத பை

காலை நாலு ஐம்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஐந்து மணிக்குத் தீ மூட்டுவார்கள், இன்னும் எத்தனை நிமிஷம் என்று மகள் என்னை அரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் போகி மேளம், இன்னொரு கையில் குச்சி. தோளில் தொங்கிய நீலப் பை மேளத்தில் இடித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, இத என்ன செய்யறது?"

எதிரே மண்வீட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு மரமுளை இருந்தது.

"அதுல மாட்டு. நம்ம கண்ணு முன்னாடியே இருக்கும்."

அவள் மாட்டினாள். எல்லாம் அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பித்தது. சொன்னது நான்.

அவளுக்கு அப்போது பத்து வயது. மூன்று வயதிலிருந்தே வீசிங். குளிர்காலத்தில் இரவில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பது எனக்கும் என் மனைவிக்கும் பழக்கமாகியிருந்தது. அந்த வருஷம் என் மனைவி தங்கையின் பிரசவத்துக்காகத் தென்காசிப் பக்கம் போயிருந்தாள். கிளம்பும்போது அந்த நீலப் பையைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். திரைச்சீலை தைத்ததில் மிஞ்சிய துணி, வாய்க்கு ஜிப். உள்ளே இன்ஹேலர், மருத்துவமனைப் புத்தகம், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, மாத்திரைகள். மாத்திரை நசுங்கக் கூடாது என்று அவற்றை ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில் போட்டிருந்தாள்.

"எல்லாம் ஒரே பையில இருக்கு. நீங்க எதையும் தேட வேண்டாம். பைய மட்டும் விட்டுடாதீங்க," என்றாள்.

நான் விடவில்லை. ஒன்பது நாள் அதைப் பிடித்துக்கொண்டேதான் திரிந்தேன். வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் பையையும் பெண்ணையும் ஒப்படைப்பேன். சாயந்தரம் இரண்டையும் திரும்ப வாங்குவேன். பத்தாவது நாள் போகி.

நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். எனக்குப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பொங்கல் என்றால் குடியிருப்பு காலியாகிவிடும். எல்லாரும் மதுரை, நாகர்கோவில், தஞ்சாவூர் என்று இரண்டு நாள் முன்னாலேயே பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்குப் போக்கிடமாக இருந்தது வெள்ளானூரைத் தாண்டி ஒரு அறக்கட்டளை வைத்திருந்த கிராமியக் காட்சியகம். சுற்றிலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. நடுவில் வேலி போட்டு நாலு மண்வீடு, ஒரு மாட்டுக் கொட்டகை, ஏர்களும், மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கிற கவலைச் சால்களும் அடுக்கிய ஒரு நீளக் கூடம். பிள்ளைகளுக்கு என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். என் மகள் அதில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு அந்த இடத்தின் மேல் பிரியம் கிடையாது. நான் செய்யாற்றுப் பக்கம் பிறந்தவன். கவலை இறைத்துக் கை காய்த்துப் போன குடும்பம். அந்தச் சாமான்களிடமிருந்து தப்பித்துத்தான் டிப்ளமா படித்து இந்தப் பக்கம் வந்தேன். அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஒரு அட்டையில் விளக்கம் எழுதி, என் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் எல்லா விழாவுக்கும் கூட்டிப் போனேன். தனியாக அனுப்ப முடியாதே.

ஆடிப்பெருக்குக்கு வாய்க்காலில் தண்ணீர் இல்லை. லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். முளைப்பாரி பத்தடி மிதந்துபோய்ச் சேற்றில் நின்றது. ஆயுத பூஜைக்கு எல்லா ஏருக்கும் அரிவாளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் சந்தனம் அப்பியதில் மரமும் இரும்புமே மறைந்துபோயிருந்தன. பிள்ளைகளை உட்கார வைத்து ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள். கார்த்திகைக்கு ஓலைக் கூரை பயம். அகலில் எண்ணெய்க்குப் பதிலாகச் சின்னச் சின்ன மின்சார பல்பு. "எண்ணெய் வாசனையே வரலையேப்பா," என்று என் மகள் ஒவ்வொரு அகலாக முகர்ந்துகொண்டு போனாள்.

போகியில்தான் உண்மையான தீ.

முந்தைய வருஷப் போகியில் அங்கே ஒரு விபரீதம் நடந்திருந்தது. காட்சியகத்தின் காப்பாளர், பழைய குப்பைகளை வாசலில் குவித்து வைக்கும்படி வேலையாட்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் சொன்னபடி செய்தார்கள். காலையில் தீ அணைந்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஒரு கோரைப்பாய், இரண்டு முறம், பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை நாலு, எல்லாம் காட்சிப் பொருள்கள், சாம்பலாகியிருந்தன. அங்கே பெருக்கித் துடைக்கிற அம்மாவைக் கூப்பிட்டுக் காப்பாளர் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"போகின்னா பழசத்தான சார் போடுவாங்க. இங்க எது சார் புதுசு கீது?" என்றார் அந்த அம்மா.

எல்லாரும் சிரித்தோம். காப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். அவர் புருஷன் மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். இரண்டு பேருடைய பெற்றோரும் அந்தச் சுற்றுவட்டாரத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். விழா நாட்களில் காட்சியகத்தில் அவருக்கு ஒரு கண்டாங்கிச் சேலை கொடுத்து உரலுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். "ஊட்ல மிக்ஸி கீது சார். இங்க வந்து குத்திகினு கீறேன்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, பார்வையாளர்கள் வருவதைக் கண்டதும் உலக்கையைத் தூக்கினார்.

பெற்றோர் கூட்டத்தில் போகிப் பேச்சு வந்தபோது வழி சொன்னது நான்தான். இதை மனைவியிடம்கூட வெகுநாள் சொல்லவில்லை. எங்கள் பரிசோதனைப் பிரிவில் ஒரு முறை உண்டு. பரிசோதித்த உருப்படியில் சீட்டுக் கட்டுவோம். சீட்டு இல்லாதது எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் நேரே கழிவுத் தொட்டிக்கு. எடுத்துப் பார்த்து, இது நல்லதுதானே என்று யாரும் தீர்மானிக்கக் கூடாது. அதை அப்படியே அங்கே எடுத்துச் சொன்னேன். எல்லாப் பொருளிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதுங்கள், எண் இருந்தால் இருக்கட்டும், எண் இல்லாவிட்டால் தீயில் போகட்டும் என்றேன். காப்பாளர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு என்னையே விளக்கச் சொன்னார்.

"நீங்க எதையும் யோசிக்கவே வேண்டாம்மா," என்றேன். "எண் இருக்கா, தொடாதீங்க. இல்லையா, எடுத்துப் போடுங்க. யோசிக்கிறதுலதான் தப்பு வருது."

அவர் தலையை ஆட்டினார். எனக்கு அன்று முழுவதும் ஏதோ சாதித்துவிட்ட மிதப்பு இருந்தது.

மார்கழி முழுக்க அங்கே பெயிண்ட் அடித்தார்கள். ஏருக்கு எண், உறிக்கு எண், அம்மிக்கு எண், குழவிக்குத் தனி எண். சுவரில் அடித்திருந்த மரமுளைகளுக்குக்கூட எண் இருந்தது.

வீசிங் இருக்கிற பெண்ணை நெருப்பு மூட்டும் இடத்துக்கு ஏன் கூட்டிப் போனாய் என்று யாரும் கேட்கலாம். என் மாமனார் கேட்டார். டாக்டர் கேட்டார். நானே இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். அவள் ஒரு மாதமாக மேளம் பழகியிருந்தாள். மாட்டேன் என்றதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காப்பாளரைப் போய்ப் பார்த்தேன். வைக்கோலும் காகிதமும் ஓலையும்தான் எரியும், டயர் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது என்றார். முந்தின நாள் சாயந்தரம் ஒரு கைக்குட்டையை உயர்த்திப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடப் பார்த்தேன். மேற்கிலிருந்து வந்தது. அப்படியானால் மேற்குப் பக்கம் நிற்போம், பதினைந்து நிமிஷம் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம், மூக்கில் ஈரக் கைக்குட்டை. அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

விடியற்காலையில் காற்றே இருக்காது என்பதை நான் நினைக்கவில்லை. பனி முழங்கால் உயரத்துக்குப் படுத்திருந்தது. தீ எழுந்ததும் புகை மேலே போகவில்லை. பனியோடு சேர்ந்து கீழேயே உட்கார்ந்து எல்லாப் பக்கமும் பரவியது. மேற்காவது கிழக்காவது. அதோடு, விருந்தினராக வந்திருந்த யாரோ ஒரு பெரிய மனிதர், கார் சீட்டிலிருந்து எடுத்த பழைய ரப்பர் பஞ்சு மெத்தை ஒன்றைத் தூக்கிவந்து போட்டார். யாரும் தடுக்கவில்லை. அதிலும் எண் இல்லைதானே.

கரும்புகை வந்தது. நான் அவளை இழுத்துக்கொண்டு பின்னால் போவதற்குள் இருமல் ஆரம்பித்துவிட்டது. பிறகு அந்தச் சத்தம். மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது இன்னொன்று. மேளத்தை அவளே தரையில் வைத்தாள்.

"பை," என்றாள்.

ஓடினேன். முளை வெறுமையாக இருந்தது. முளையின் தலையில் வெள்ளையாக 214 என்று எழுதியிருந்தது.

யாராவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று மண்வீட்டுக்குள் போய்த் தேடினேன். உறியில், குதிருக்குப் பின்னால், அடுப்பு மேடையில். எல்லாம் எண் போட்ட சாமான்கள். வெளியே வந்து காப்பாளரைப் பிடித்தேன். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"என்ன பை சார்? எங்க மாட்டியிருந்தீங்க?"

"அந்த முளையில."

அவர் முகம் மாறியது. "தீ வைக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு சுற்று வந்து, எண் இல்லாதது எது இருந்தாலும் எடுத்துப் போடச் சொன்னேன் சார். நீங்க சொன்ன முறைதான்."

தீக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா கண்டாங்கிச் சேலையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், முளையைப் பார்த்தார். நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

கத்தி என்ன ஆகப் போகிறது. வண்டி வேண்டும். விருந்தினரின் கார் எங்கே என்று கேட்டேன். மெத்தையை இறக்கிவிட்டு அவரையும் விட்டுவிட்டு, டிரைவர் இன்னொருவரைக் கூட்டிவரப் போய்விட்டாராம். என் சைக்கிளில் அவளை உட்கார வைத்து அந்தப் புகைக்குள் மிதிக்க முடியாது. காப்பாளர் அலுவலகத்துக்குள் போய் இரண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "போகி ஆச்சே சார், எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டிருப்பாங்க," என்றார். அவரும் நல்ல மனிதர்தான். அந்த நேரத்தில் அவருடைய நல்ல குணத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பொங்கல் பானை கொண்டுவந்த மீன்பாடி வண்டி ஒன்று வாசலில் நின்றது. மூன்று சக்கரம், முன்னால் பலகை, பின்னால் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின். வண்டிக்காரர் பானைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பாப்பாக்கு மூச்சு வாங்குதா?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் மிச்சப் பானைகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டார். பலகையில் இருந்த வைக்கோலைக் கையால் தள்ளினார். "குந்து சார். பாப்பாவ மடியில வச்சிக்கோ. சாச்சிக்காத, நிமித்திப் புடி."

காட்சியகத்தில் இருந்த அத்தனை பேரில் அவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. வீசிங் வந்த பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது.

அந்தப் பாதையை நான் பிறகு எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். கால் மணி நேரம்கூட ஆகாது. அன்று முடியவே இல்லை. ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு தீ, அங்கேயெல்லாம் டயர். பனியும் புகையும் கலந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஈரத்துண்டை அவள் முகத்தைச் சுற்றிப் பிடித்திருந்தேன். துண்டுக்குள் அவள் தோள்கள் ஏறி இறங்கின. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. பேசாதே என்று சொன்னேன். அவளால் பேச முடியவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு வளைவில் மேளத்தோடு ஒரு கும்பல் வழியை மறித்தது.

"இன்னா அண்ணாத்தே, காலி வண்டியா வர்ற? போட ஒண்ணும் இல்லியா?"

"தள்ளு மாமே. ஆஸ்பத்திரி கேஸு," என்றார் வண்டிக்காரர். அவர்கள் பார்த்தார்கள். எரிந்துகொண்டிருந்த டயரை ஒரு கழியால் பாதையிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். அதில் இன்னும் கொஞ்சம் புகை கிளம்பியது.

ஆவடிக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னத் தனியார் கிளினிக். டாக்டர் மாடியிலேயே குடியிருந்தார். அவளை முன்பின் பார்த்ததில்லை என்றாலும் அதுதான் பக்கம். ஐந்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் ஊருக்குப் போயிருப்பார் என்ற பயத்தோடு மாடிப்படியைத் தட்டினேன். இருந்தார். தலையில் எண்ணெயோடு இறங்கி வந்தார். ஆக்ஸிஜன் வைத்தார். ஒரு ஊசி போட்டார். கால் மணி நேரம் பார்த்தார். குறையவில்லை.

"ராத்திரி என்ன மாத்திரை கொடுத்தீங்க?"

"மஞ்சளா, சின்னதா."

"பேரு?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷமாக என் பெண் சாப்பிடுகிற மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் ஒரு பட்டறையின் அத்தனை உருப்படிகளுக்கும் வரைபட எண் சொல்வேன். வீட்டில் மருந்து என் மனைவியின் பிரிவு. பெட்டியைத் திறந்து, மஞ்சளில் ஒன்று என்று அவள் சொல்லியிருந்தாள். மஞ்சளில் ஒன்று கொடுத்தேன்.

"என்கிட்ட ஒரு ஊசி இருக்கு," என்றார் டாக்டர். "போட்டா கேக்கும். ஆனா ராத்திரி நீங்க கொடுத்தது அதே மருந்தா இருந்தா ரெண்டும் சேர்ந்து இதயத்துக்கு ஆபத்து. தெரியாம நான் போட மாட்டேன். சீட்டு எங்க?"

"எரிஞ்சு போச்சு."

"வீட்டுல பழைய சீட்டு?"

"எல்லாம் ஒரே பையில இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மனைவியிடம் கேட்கலாம் என்றால் அவள் இருந்த ஊரில் ஒரே ஒரு போன், கடைத்தெருவில். அந்த எண்ணும் பைக்குள் இருந்த புத்தகத்தின் பின்னட்டையில் எழுதியிருந்தது. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர். பக்கத்து வீட்டார் முந்தின நாள் ராத்திரி ரயிலேறியவர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பூட்டு.

அப்போதுதான் ஜாமெட்ரி பாக்ஸ் நினைவுக்கு வந்தது. தகரம். தகரம் எரியாது. கிளினிக் போனிலிருந்து காட்சியகத்தைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை காப்பாளர் எடுத்தார். பின்னால் மைக் சத்தம்.

"சார், தீக்குள்ள ஒரு தகரப் பெட்டி இருக்கும். கிளறி எடுக்கச் சொல்லுங்க. அதுல மாத்திரை இருக்கு. பேரு மட்டும் தெரிஞ்சா போதும்."

"பாப்பா எப்படி இருக்கா?"

"எடுக்கச் சொல்லுங்க சார்."

"சார், இப்பதான் தீயைச் சுத்திக் கும்மி ஆரம்பிச்சிருக்கோம். அறக்கட்டளைத் தலைவர் வந்திருக்கார். ஒரு அரை மணி நேரம். முடிஞ்ச உடனே நானே…"

போனை வைத்துவிட்டேன். இல்லை, எறிந்தேன். டாக்டர் அதை எடுத்துச் சரியாக வைத்தார்.

வண்டிக்காரர் அதுவரை போகவில்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கும்மியாம், கும்மி," என்றார். காதில் செருகியிருந்த பீடியை எடுத்து, என் பெண்ணைப் பார்த்துவிட்டு, பற்றவைக்காமலே திரும்பச் செருகினார். "நா போறேன் சார். தோ வந்துட்றேன்." இன்ஜின் சத்தம் புகைக்குள் போய்க் கரைந்தது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்.

ஆக்ஸிஜன் முகமூடிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. உதடு நீலமாகிறதா என்று நான் பார்ப்பது அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஜன்னலைப் பார்ப்பேன், மறுபடி உதட்டைப் பார்ப்பேன். டாக்டர் நாடியை எண்ணினார். பிறகு மாடிக்குப் போய் அவர் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து புரட்டினார். ஏழு இருபது வரை பார்ப்போம், அதற்கு மேல் காத்திருக்க முடியாது, போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். போட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. வெளியே பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு அடியும் எனக்கு நெஞ்சில் விழுந்தது. இத்தனை வருஷம் கழித்தும் போகி மேளம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். பெண்ணுக்கு இப்போது வீசிங் குறைந்துவிட்டது. எனக்குத்தான் குறையவில்லை.

நானாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். காப்பாளரைத் திட்டினேன், மெத்தை கொண்டுவந்தவரைத் திட்டினேன், தங்கையின் பிரசவத்தைத் திட்டினேன். அந்த அம்மாவைத்தான் அதிகம் திட்டினேன். ஒரு பையைத் தூக்கினால் கனம் தெரியாதா, ஜிப்பைத் திறந்து பார்க்கத் தோன்றாதா, இவர்களுக்கெல்லாம் மூளை என்று ஒன்று உண்டா. டாக்டர் ஒருமுறை, "கொஞ்சம் மெதுவா, குழந்தை கேக்கறா," என்றார்.

ஏழு பதினைந்துக்கு மீன்பாடி வண்டியின் சத்தம் கேட்டது.

வண்டிக்காரர் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்பலகையில் அந்த அம்மா. கண்டாங்கிச் சேலை முழங்கால் வரை சாம்பல். இரண்டு கையும் முட்டி வரை கறுப்பு. வலது கை விரல்களில் ஈரத்துணி சுற்றியிருந்தது. மடியில் ஒரு முறம், முறத்தின் விளிம்பில் வெள்ளை எண். முறத்தில் அந்த ஜாமெட்ரி பாக்ஸ், கறுத்து நெளிந்து.

"கும்மி நடுவுல பூந்துட்டா சார்," என்றார் வண்டிக்காரர் இறங்கும்போதே. "நா போய் சொன்ன ஒடனே, அந்தத் தலைவரு பாத்துகினே கீறாரு, கடப்பாறைய எடுத்து நெருப்பக் கலச்சிட்டா. காப்பாளரு கத்துறாரு. இவ காதுலயே வாங்கல."

டாக்டர் கத்தரிக்கோலால் மூடியை நெம்பினார். உள்ளே மாத்திரைகள் கருகிப் பொடியாகியிருந்தன. ஆனால் மாத்திரை அட்டை அலுமினியத் தாள். ஒரு மூலை சுருண்டிருந்ததே தவிர, எழுத்து படிக்கிற மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இது வேற மருந்து," என்றார். அப்போதே ஊசியை எடுத்துவிட்டார்.

நரம்பில் மெதுவாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றினார். நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் நின்றோம். முதலில் கழுத்துக் குழி உள்ளே போவது நின்றது. பிறகு தோள் அசைவது குறைந்தது. இருபது நிமிஷம் கழித்து அவள் முகமூடியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, "மேளம் எங்கப்பா?" என்றாள். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அந்த அம்மா அங்கே தரையில் குந்தியிருந்தார். துணியை அவிழ்த்து விரல்களை ஊதிக்கொண்டிருந்தார். கொப்புளம் எழும்பியிருந்தது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அப்பால பாத்துக்கலாம் என்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். உள்ளே நான் திட்டியதை அவர் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றியது.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"பை நல்லாத்தான் சார் இருந்துச்சு. கனமாவும் இருந்துச்சு. கையில வச்சிகினு ஒரு நிமிசம் நின்னேன். யோசிக்க வேணாம்னு நீங்க சொன்னீங்களே, அதான் போட்டுட்டேன்."